நடுவில் வைத்த வீடு

அளவுச் சக்கரம் ஒரு மீட்டருக்கு ஒருமுறை டக் என்று சத்தம் போடும். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் போதும், கணக்கை அது பார்த்துக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். "எங்க சித்திக்கு ஆபீஸ்ல சக்கரம் உருட்டற வேலை" என்று என் அக்கா மகள் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அத்தான் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் வீடுகளை எண்ணுவது சுலபமான காரியம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் காலி இடம்தான் தலைவலி. அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு இடையே நூற்றைம்பது மீட்டருக்கு மேல் இருந்தால் அங்கே ஒரு குடியிருப்பு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது எங்கள் விதி. எது ஊர், எது வெறும் நாலு வீடு என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் முடிவாகிறது.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒருவர் பேசுவதைக் கேட்டாலே எப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். மேட்டு நிலத்தில் ஆளுக்கொரு மூலையாகச் சிதறிக் கிடக்கும் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நிற்பவரிடமும் உரக்கத்தான் பேசுவார்கள். யாராவது வருவது தெரிந்தால் பாதி வழிவரை எதிரே வந்துவிடுவார்கள். நாற்சந்தியைச் சுற்றி நெருக்கியடித்துக் கட்டிய வீடுகளில் குரல் தணிந்திருக்கும், கதவு பாதிதான் திறக்கும். நான் இருக்கும் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரரின் முகம் எனக்குத் தெரியாது. நடை தெரியும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பார்.

கால்வாய்க் கரைக் குடியிருப்பு இது எதிலும் சேராதது. ஒரு பக்கம் உப்பேறிய தண்ணீர், மறுபக்கம் காய்கறிப் பாத்திகள், அதைத் தாண்டிச் சதுப்பு. நடுவே மனிதர்கள் நிற்கக்கூடிய மேடு நாற்பது அடி அகலம்தான். அதன் மேல் கொடியில் துணி காயப்போட்டதுபோல் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே யாருக்கும் எதிர்வீடு கிடையாது. இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு, அவ்வளவுதான் அக்கம்பக்கம். மேல்முனைக்காரர் கீழ்முனைக்குப் போக வேண்டுமென்றால் அத்தனை வாசலையும் தாண்டியாக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் எங்கே போகிறோம் என்று சொல்லியாக வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது.

முதல் தடவை போனபோது மேல்முனையிலிருந்து தள்ளத் தொடங்கினேன். இருபத்துநான்கு வீடுகள் வந்தன. அதற்குப் பிறகு சக்கரம் டக் டக்கென்று போய்க்கொண்டிருந்ததே ஒழிய வீடு வரவில்லை. கால்வாய் வளையும் இடம் அது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் கரை சரிந்து மூன்று வீடுகள் போயிருந்தன. பிறகு கல் அடுக்கிக் கரையைக் கட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே குடியேற யாருக்கும் மனம் வரவில்லை. இருநூற்று நாற்பது மீட்டர் வெறும் புல். அதன் பிறகு பதினெட்டு வீடுகள்.

நாற்பது வீடுகளுக்கு மேல் இருந்தால் குடிநீர்க் குழாய் வரும். குறைந்தால் வராது, நெடுஞ்சாலை ஓரம் கட்டி வைத்திருக்கும் வரிசை வீடுகளுக்கு எல்லாரையும் மாற்றிவிடுவார்கள். அங்கே பாத்தி போட இடம் கிடையாது. மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள் இருந்தன. என் விதிப்படி அது இருபத்துநான்கும் பதினெட்டும்.

இடைவெளிக்கு மேல்பக்கம் கடைசி வீடு படகுக்காரருடையது. கரையில் விளையும் காய்கறியை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். இது கணக்கில் இரண்டு ஊர் என்று நான் சொன்னதும் அவர் புல்வெளியைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏம்மா, நடுவுல ஒரு வீடு இருந்தா?"

"இருந்தா ஒரே ஊருதாங்க. ஆனா வீடுன்னா வீடா இருக்கணும். ஆள் சமைக்கணும், தூங்கணும். சும்மா நாலு கம்பு நட்டு வெச்சா ஆகாது."

"யாரு கம்பு நடப் போறா?" என்றார், கண்ணில் கம்பு நட்டுக்கொண்டே. பிறகு உள்ளே திரும்பி, "கடைக்குட்டி, மேடத்துக்கு டீ கொண்டா" என்று குரல் கொடுத்தார்.

சின்னப் பெண் யாரோ வரப்போகிறாள் என்று நினைத்தேன். டீயோடு வந்தவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. முன்னந்தலை நரைத்திருந்தது. படகுக்காரரின் தங்கை. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் வந்த பெயர், போகவே இல்லை. நாலு வருஷம் கல்யாண வாழ்க்கை, பிறகு இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் வீடு. கரையிலிருக்கும் குழந்தைகள்கூட அவளைக் கடைக்குட்டி அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த வீட்டுத் தாளை நிரப்பும்போது அவளுக்கான கேள்விகளுக்கும் அண்ணன்தான் பதில் சொன்னார்.

"உறவு?"

"தங்கச்சி."

"படிப்பு?"

"அஞ்சு."

"எட்டு" என்றாள் அவள், டம்ளரைத் திரும்ப வாங்கியபடி.

"எட்டா? நீ எப்ப எட்டு படிச்ச?"

"ஏழுக்கு அப்புறம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அவள் படுக்கை எங்கே என்று கேட்க எங்கள் தாளில் இடமில்லை. ஆனாலும் கண்ணில் பட்டது. அறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த நடையில், காய்கறி மூட்டைகளை ஒட்டிச் சுருட்டி வைத்த பாய். ராத்திரி யார் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அன்று பஸ்ஸில் வரும்போது அந்தப் பாய் என்னோடேயே வந்தது. எனக்கு அறை இருக்கிறது. அக்கா வீட்டில் பின்பக்கத்துப் பால்கனியை அடைத்து, ஜன்னல் வைத்து, அத்தானே நின்று செய்வித்த அறை. கட்டில், மேஜை, விளக்கு. துணி உலர்த்தும் கம்பியும் அங்கேதான் என்பதால் காலையிலும் மாலையிலும் யாராவது வந்து போவார்கள். கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட யாரும் என் மனம் நோக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, மனம் நோவதற்கான காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே என் மேல் எரிச்சல் வரும்.

பன்னிரண்டு நாள் கழித்துச் சரிபார்க்கப் போனேன். மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும். புல்வெளியில் வீடு இருந்தது.

மரக்கம்புகள், மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை. ஆறு மீட்டர் நீளம். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. தட்டியில் சீப்பும் கண்ணாடியும் செருகியிருந்தன. அதே பாய், இந்த முறை விரித்துக் கிடந்தது. கடைக்குட்டி கதவருகே நின்றாள்.

"பத்து நாளா இங்கதான் இருக்கா" என்றார் படகுக்காரர். "சமைக்கிறா, தூங்கறா. வேணும்னா யாரை வேணாலும் கேளுங்க."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மேல்முனையும் கீழ்முனையும் அங்கேதான் கூடியிருந்தன. கீழ்ப்பக்கத்திலிருந்து வந்திருந்த முட்டைக்காரம்மா, "ஒரே ஆளுக்கு ஒரு தனி வீடு! நான் எட்டுப் பேரோட ஒரு ரூம்ல கெடக்கேன். அடுத்த தடவை எங்கயாவது கரை சரிஞ்சா சொல்லுங்கப்பா, நான் முதல் ஆளா வந்துடறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

படகுக்காரர் வீட்டுச் சுவரிலிருந்து சக்கரத்தைத் தள்ளினேன். எழுபத்தாறு. வீட்டைத் தாண்டி மறுபக்கச் சுவரிலிருந்து கீழ்ப்பக்கத்து முதல் வீடுவரை தள்ளினேன். நூற்றைம்பத்தெட்டு. இன்னொரு முறை தள்ளினேன். அதேதான்.

"ஆகாதுங்க" என்றேன். "எட்டு மீட்டர் அதிகம்."

"அதெப்படி? நடுவுலதான் போட்டிருக்கோம்."

"நடுவுல இல்லைங்களே. உங்க வீட்டுப் பக்கம் தள்ளி இருக்கு."

"நல்லாச் சொன்னீங்க. இங்க மூணு வீடு இருந்துச்சு. மேல்வீடு, நடுவீடு, கடைசிவீடு. நடுவீட்டு அஸ்திவாரம் இதோ இருக்கு பாருங்க. அதுமேலதான் போட்டிருக்கோம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கரையில் யாரும் தூரத்தை மீட்டரிலோ அடியிலோ சொல்வதில்லை. நாலு வீடு தள்ளி, பத்து வீடு தாண்டி என்றுதான் சொல்வார்கள். போன மூன்று வீடுகளும் மேல்பக்கமாக நெருங்கி நின்றவை. அவற்றுக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் நடுவே அப்போதே பெரிய வெற்றிடம் இருந்திருக்கிறது. கணக்கில் வராமலே இருந்திருக்கிறது. மூன்றில் நடு என்பது அவர்களுக்கு நடு. அந்த அஸ்திவாரம் அண்ணன் கூப்பிடு தூரத்தில் இருந்ததும் அவருக்கு வசதி. "குழாய் வந்ததும் இதுல மூட்டையை அடுக்கிக்கலாம், நடைல இடம் பத்தலை" என்று அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. கடைக்குட்டியின் காதிலும் விழுந்திருக்கும்.

"நாளைக்குப் பிரிச்சு நகர்த்திடறோம்மா."

"நாளைக்குக் காலைல அறிக்கை போயிடும். இன்னிக்கு நான் எதைப் பாக்கறேனோ அதைத்தான் எழுத முடியும்."

அப்போதுதான் கடைக்குட்டி கேட்டாள்.

"எட்டு மீட்டர்னா எத்தனை எட்டு?"

"பதினொண்ணு, பன்னெண்டு இருக்கும்."

அவள் வீட்டைப் பார்த்தாள். கம்புகள் அஸ்திவாரத்தின் மேல் கல்லை அண்டக்கொடுத்துத்தான் நின்றன, ஆழமாகப் பதித்தவை அல்ல. "இதென்ன மலையா? எல்லாருமா தூக்கினா வராதா?"

படகைக் கரையேற்றிப் பழகிய கைகள் அங்கே நிறைய இருந்தன. தட்டியோடும் தகரத்தோடும் அப்படியே தூக்கிவிடலாம் என்று முடிவானது. ஆண்கள் பன்னிரண்டு பேர் உள்ளே நுழைந்து ஆளுக்கொரு கம்பையும் குறுக்குக் கட்டையையும் பிடித்தார்கள். படகுக்காரர் முன்கம்பு. பெண்கள் வெளியே தட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைக்குட்டி அடுப்பை அணைத்து, பாத்திரத்தை முட்டைக்காரம்மா கையில் கொடுத்துவிட்டு, அடுப்பை இரண்டு கையாலும் ஏந்தி முன்னால் போனாள்.

"நான் வழி சொல்றேன். என் குரலைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

வீடு எழுந்தது. தகரம் கடகடத்தது. சுவருக்குக் கீழே இருபத்துநான்கு கால்கள் தெரிந்தன. நான் சக்கரத்தோடு பின்னால் நடந்தேன். டக். டக். டக்.

உள்ளே இருந்தவர்களுக்கு எதிரே தட்டியைத் தவிர ஒன்றும் தெரியாது. எட்டு வந்தது. நான் வாயைத் திறந்தேன். கடைக்குட்டி நிற்கவில்லை. ஒன்பது, பத்து. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. கடையில் பழம் எடை போடும்போது முள்ளைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வது என் வேலை இல்லை. எங்கே நின்றது என்று எழுதுவதுதான் வேலை. அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது. உண்மையில் அவள் நடக்கட்டும் என்றிருந்தது.

"வந்தாச்சா?" என்றது வீட்டுக்குள்ளிருந்து அண்ணன் குரல்.

"இன்னும் கொஞ்சம்."

இருபது வந்தது.

"என்னடி, எட்டு மீட்டரா எண்பதா?"

"பள்ளமா இருக்கு, பார்த்துக் காலை வை."

முட்டைக்காரம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். முப்பது. முப்பத்தைந்து. எந்த அஸ்திவாரமும் இல்லாத, யாரும் குடியிருந்திராத வெறும் புல். கடைக்குட்டி மேல்பக்கம் ஒருமுறை பார்த்தாள், கீழ்ப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். அடுப்பைக் கீழே வைத்தாள்.

"இங்க."

வீடு இறங்கியது. ஆண்கள் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள். படகுக்காரர் தன் வீடு இருந்த திசையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன வேலை பண்ணியிருக்க நீ? இவ்வளவு தூரத்துலயா?"

"நடுவுன்னு நீதானே அண்ணே சொன்ன."

"ஒரு அவசரத்துக்குக் கூப்பிட்டாக் கேக்குமா உனக்கு?"

"எதுக்குக் கூப்பிடப் போற?"

அவர் பதில் தேடினார். டீ போடு, மூட்டையை நகர்த்து, பொரியலில் உப்பு இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கூப்பிட்டவை எல்லாம் அவர் முகத்தில் வந்து போனதுபோல் எனக்குத் தோன்றியது. ஒன்றைக்கூடச் சபையில் சொல்ல முடியாது.

சக்கரத்தைத் தள்ளினேன். மேல்பக்கம் நூற்றுப்பதினெட்டு. கீழ்ப்பக்கம் நூற்றுப்பதினாறு. கண்ணால் பார்த்து வைத்த இடம், இரண்டே மீட்டர் வித்தியாசம். பத்து நாளாக அவள் வாசலில் நின்று வேறெதையும் பார்த்திருக்க மாட்டாள்.

புதிய தாளை எடுத்தேன். வீட்டு எண் எழுதினேன். பதினோராவது கேள்வி பாக்கி இருந்தது. இந்த இடத்தில் தொடர்ந்து தங்கும் எண்ணம் உண்டா? அதற்குக் கீழே சின்ன எழுத்தில், பதிலைச் சம்பந்தப்பட்டவரிடமே பெற வேண்டும் என்று இருக்கும். சத்தமாகப் படித்தேன்.

"தங்குவா, தங்குவா" என்றார் படகுக்காரர். "எழுதிக்கோங்க. ஊருக்காகத்தானே."

"அவங்கதான் சொல்லணும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் 'இல்லை' என்று சொன்னால் ஊர் இரண்டு. சும்மா ஆமாம் என்று சொல்லிவிட்டு நாளைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு நடைக்குத் திரும்பவும் முடியும்; அண்ணன் எதிர்பார்த்தது அதைத்தான். அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"இதை எழுதினப்புறம், நான் இங்க இல்லேன்னா என்ன ஆகும் மேடம்?"

"தணிக்கைக்கு எப்ப வேணா ஆள் வருவாங்க. வீட்டுல ஆள் இல்லேன்னா மறுபடியும் ரெண்டு ஊருதான். குழாயை வெட்டிடுவாங்க."

"எத்தனை நாளைக்கு அப்படி?"

"அடுத்த பதிவு வரைக்கும். பத்து வருஷம்."

பத்து வருஷம் என்பதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். கூட்டம் முழுக்கக் கேட்டது. படகுக்காரர் தலையைச் சொறிந்தார். முட்டைக்காரம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்போ கடைக்குட்டி கோவிச்சுக்காம எல்லாரும் பாத்துக்கணும்டி அம்மா. இவ மூஞ்சியைத் திருப்பினா நமக்குத் தொண்டை காஞ்சுரும்" என்றாள். சிரிப்பு மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை போயிற்று.

"எண்ணம் உண்டு" என்றாள் கடைக்குட்டி. தாளில் இருந்த அதே வார்த்தை. பிறகு குனிந்து பார்த்தாள். "பென்சில்ல எழுதறீங்களே."

"முதல்ல பென்சில்ல எழுதி, ஆபீஸ்ல சரிபார்த்துட்டு மையில எழுதுவோம்."

"இதை மட்டும் இங்கயே மையில எழுதிடுங்க."

எழுதினேன். குடும்பத் தலைவர் என்ற இடத்துக்கு வந்தபோது அவள் உண்மையான பெயரைக் கேட்டேன். சொன்னாள். பின்னால் நின்ற சிறுசுகள் "அத்தைக்குப் பேர் இருக்காடி" என்று கிசுகிசுத்தன. பெயரைத் தாளோடு விட்டுவிட்டேன், இங்கே எழுதப்போவதில்லை. தலைவருக்கு உறவு என்ற கட்டத்தில் 'தானே' என்று எழுதினேன். அந்தச் சொல்லை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

நான் கிளம்பும்போது அவள் அடுப்பை மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தாள். படகுக்காரர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்கவும் தெரியவில்லை, கேட்காமல் நுழையவும் முடியவில்லை. கடைசியில், "கதவுக்குத் தாழ்ப்பாள் ஒண்ணு போடணும், நாளைக்குக் கொண்டாறேன்" என்றார்.

"உள்பக்கம் போடு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் ஒரு தாளைக் காட்டினார். எங்கள் அடுக்குமாடிக்கு வேறொரு பதிவாளர் பகலில் வந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாராம். "உனக்கு வேலையே வைக்கலை. எல்லாத்தையும் நானே பேனாவால எழுதிட்டேன். எப்படி, நீட்டா இருக்கா?"

நன்றாகத்தான் எழுதியிருந்தார். நாலாவது வரியில் நான். தலைவருக்கு உறவு, மனைவியின் தங்கை. படிப்பு சரி. வயதில் ஒன்று குறைத்திருந்தார், என் மேல் உள்ள பிரியத்தில். பதினோராவது கேள்விக்கு எதிரே, ஆம்.

"இதுக்கு யார் பதில் சொன்னது?"

"நான்தான். ஏன், நீ வேற எங்க போகப் போற?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். அந்த அன்பில் எனக்கு இதுநாள்வரை ஓர் அறை கிடைத்திருக்கிறது, மறுக்க முடியாது. மேலே நடை கேட்டது. வலது கால், இழுத்து இடது கால், வலது கால்.

"அதை என்கிட்டதான் கேக்கணும் அத்தான். விதி."

அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரித்தாள். "ஆபீஸ்காரி வந்துட்டா. சரி, நான் கேக்கறேன். இந்த இடத்தில் தொடர்ந்து தங்கும் எண்ணம் உண்டா?"

அந்தக் கேள்வியை எத்தனை வாசல்களில் கேட்டிருக்கிறேன். யார் யாரோ என் எதிரே தயங்கி, யோசித்து, பதில் சொல்லியிருக்கிறார்கள். திருப்பிக் கேட்டால் இத்தனை நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அக்கா குழாயை நிறுத்தினாள். அத்தான் தாளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். விளையாட்டா இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எவ்வளவு நாள் யோசிக்கணும்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்றேன். "அன்னிக்குத்தான் தாளை வாங்க வருவாங்க."